மாதிரிகள் போகும் வழி

பணியில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள் எனக்கு இடப்பட்டிருந்த வேலை, அயல்நாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு இரத்த மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்புவது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குப்பி ஒவ்வொன்றின் மேலும் அழியாத மையில் ஓர் எண் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட 81 குப்பிகள், ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்களாகப் பிரித்த ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்கும். அதைத் தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கிச் சுற்றிலும் உலர் பனிக்கட்டியைக் கொட்டும்போது வெண்புகை தரையோடு தவழ்ந்து போகும். கையுறை மெல்லியதாக இருந்தால் விரல்நுனி தீப்பட்டதுபோல எரியும். எண்களைப் பட்டியலோடு இருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, மூடியை ஒட்டி, சுங்கத்துக்கான தாள்களை உறையிலிட்டுக் கொடுத்துவிட்டால் எங்கள் பங்கு முடிந்துவிடும்.

ஒருநாள் இரத்தம் கொடுத்த ஒரு தாய், குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே, “இதோட முடிவு எப்பங்க தெரியும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் கைநாட்டு வைத்த ஒப்புதல் படிவத்தில், மாதிரிகள் வெளிநாட்டில் பாதுகாக்கப்பட்டு எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம் என்ற வரி இருந்தது. முடிவு யாருக்கு, எப்போது, எந்த மொழியில் சொல்லப்படும் என்பதற்கு வரி எதுவும் இல்லை. இரண்டரை ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கட்டுரை வெளிவந்தபோது, அது வெளியான இதழுக்கு எங்கள் இடத்தில் சந்தா இல்லாததால், அதை எழுதியவர்களில் ஒருவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கட்டுரையின் கடைசியில் ‘களப்பணிக் குழுவினருக்கு நன்றி’ என்றிருந்த அரை வரியில் நாங்கள் அனைவரும் அடங்கியிருந்தோம்.

அந்த ஆய்வகத்தினர் மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர்கள் அன்பானவர்கள், நடைமுறை அப்படித்தான் இருந்தது, அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தாயின் கேள்விதான் இத்தனை ஆண்டுகளாக என் சிந்தனையை நடத்திவருகிறது. உலக சுகாதாரத்தில் குறைந்த வருமான நாடுகளுக்கு உரிய இடம் வேண்டும் என்று பேசும்போதெல்லாம், எத்தனை தடுப்பூசி போய்ச் சேர்ந்தது, எத்தனை கோடி டாலர் உதவி கிடைத்தது என்றே கணக்குப் பார்க்கிறோம். எந்த நோயை ஆராய்வது என்று முடிவு செய்தவர் யார், எடுத்த மாதிரி யார் பொறுப்பில் இருக்கிறது, அதிலிருந்து பிறந்த மருந்து முதலில் யாருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தால்தான் அந்த இடம் உண்மையில் கொடுக்கப்பட்டதா என்பது தெரியும் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு எபோலா என்ற கொடிய வைரஸ் நோயின் கதையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1976இல், அப்போது ஜயர் என்று அழைக்கப்பட்ட இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், யாம்புக்கு என்ற ஊரின் மிஷன் மருத்துவமனையில் இனம்தெரியாத காய்ச்சலால் மக்கள் அடுத்தடுத்து இறந்தபோது, அங்கே அனுப்பப்பட்டவர் ஜான்-ஜாக் முயெம்பே என்ற காங்கோ மருத்துவர். கையுறைகூட இல்லாமல் நோயாளிகளிடம் இரத்தம் எடுத்தார். ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்காமல் வழிந்தது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கைகழுவியது மட்டுமே அவருக்கு இருந்த பாதுகாப்பு. நோயுற்றிருந்த ஒரு பெல்ஜியக் கன்னியாஸ்திரீயைத் தம்மோடு தலைநகர் கின்ஷாசாவுக்கு அழைத்துவந்தார். அவருடைய இரத்தம் ஒரு தெர்மாஸ் குடுவையில் விமானம் ஏறி பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்குப் போனது. அதன்பின் பல பத்தாண்டுகள், எபோலாவைக் கண்டுபிடித்தவர்கள் என்று உலகம் சொன்ன பெயர்களில் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் இருந்தார்கள். முயெம்பேயின் பெயர் அரிதாகவே இருந்தது.

அவர் அதோடு நின்றுவிடவில்லை என்பதால்தான் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 1995இல் கிக்விட் நகரில் எபோலா பரவியபோது, நோயிலிருந்து பிழைத்தவர்களின் இரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார். ஏழு பேர் பிழைத்தார்கள். முறையான ஒப்பீட்டுக் குழு இல்லாததால் வெளிநாட்டு அறிவியலாளர்கள் அதைச் சான்றாக ஏற்கத் தயங்கினார்கள். அறிவியல் முறைப்படி அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் குறிப்பைத் தொடர்ந்து சோதித்துப் பார்க்க யாரும் உடனே முன்வரவில்லை என்பதில் நியாயம் இல்லை. பின்னர் அதே கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்தான், 2018இல் தொடங்கிய எபோலா பரவலின்போது காங்கோவிலேயே நடந்த மருந்துப் பரிசோதனையில் உயிர்காக்கும் என்று நிறுவப்பட்ட இரண்டு மருந்துகளில் ஒன்றாக ஆனது. 2020 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. காங்கோவில் எடுக்கும் மாதிரிகள் இனி காங்கோவிலேயே இருக்க வேண்டும் என்று இதற்கிடையில் முயெம்பே உறுதியாகச் சொல்லியிருந்தார். மாதிரியும் பரிசோதனையும் காங்கோவில் இருந்தன. மருந்தின் கையிருப்பில் பெரும்பகுதியோ அமெரிக்காவின் அவசரகாலச் சேமிப்பில் இருக்கிறது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பின்னாளில் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவு பூட்டியிருக்கிறது.

மாதிரியைத் தர மறுத்த நாடும் உண்டு. பறவைக் காய்ச்சல் வைரஸால் அதிக உயிர்களை இழந்துகொண்டிருந்த இந்தோனேசியா, தான் உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்புக்குக் கொடுத்த வைரஸ் மாதிரியைக்கொண்டு ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி தயாரிப்பதையும், அந்தத் தடுப்பூசியை வாங்கத் தன் மக்களால் முடியாது என்பதையும் அறிந்து, மாதிரிகளை அனுப்புவதை நிறுத்தியது. 2007இல் அன்றைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபடிலா சுப்பாரி அதை வெளிப்படையாக அறிவித்தபோது, உலகத்தின் உயிரோடு விளையாடுகிறார் என்று பலர் கண்டித்தார்கள். ஒரு கொள்ளைநோய் வைரஸ் எப்படி உருமாறுகிறது என்பதை உலகம் பார்க்க முடியாமல் போவது உண்மையிலேயே ஆபத்தானது. அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயினும் அந்த மறுப்பு இல்லாமல் 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற, பறவைக் காய்ச்சலும் சேர்ந்த இன்ஃப்ளூயன்சா வகைகளுக்கான ஏற்பாடு வந்திருக்காது என்பதையும் மறைக்க மாட்டேன். வைரஸ் மாதிரிகளைப் பெற்றுப் பயனடையும் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பெருந்தொற்றுக் காலத்தில் தங்கள் உற்பத்தியில் ஒரு பகுதியை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று அந்த ஏற்பாடு சொல்கிறது. இன்ஃப்ளூயன்சாவுக்கு மட்டும். கொரோனா வந்தபோது அது பொருந்தவில்லை.

கொரோனாக் காலத்தில் நடந்தவை இன்னும் எல்லோர் நினைவிலும் இருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்க வேண்டும் என்று 2020இல் தொடங்கப்பட்ட கோவாக்ஸ் திட்டம் 2021 முடிவதற்குள் 200 கோடி தவணைகளைக் கொண்டுசேர்ப்பதாகச் சொன்னது. நூறு கோடியாவது தவணை 2022 ஜனவரி நடுவில்தான் போய்ச் சேர்ந்தது. பணக்கார நாடுகள் தயாரிப்பாளர்களோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு வரிசையின் முன்னால் நின்றுவிட்டதும், திட்டம் பெரிதும் நம்பியிருந்த இந்திய உற்பத்தி 2021இல் உள்நாட்டுத் தேவைக்காகத் திருப்பப்பட்டதும் காரணங்கள். காப்புரிமை விதிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் முன்மொழிந்ததற்கு உலக வர்த்தக நிறுவனத்தில் ஒரு முடிவு எட்டப்பட்டது 2022 ஜூனில். அதுவும் தடுப்பூசிக்கு மட்டும், பெரிதும் நீர்த்த வடிவில். அதற்குள் அந்த முடிவின் பயன் போய்விட்டிருந்தது.

என்னை அதிகம் வருத்தியது அதே 2021 நவம்பரில் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் மரபணு ஆய்வுக் குழுக்கள், பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் குழுவைப் போலவே, புதிய உருமாற்றம் ஒன்றைக் கண்டு, ஒளிக்காமல், தாமதிக்காமல் உலகத்துக்குச் சொன்னார்கள். நவம்பர் 26 அன்று அதற்கு ஒமிக்ரான் என்று பெயரிடப்பட்டது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பதில், சில நாட்களுக்குள் அந்நாடுகளிலிருந்து புறப்படும் விமானங்களுக்குத் தடை. அந்தத் தடையால் ஆய்வகங்களுக்கு வர வேண்டிய வேதிப்பொருட்களே வந்துசேருமா என்று அந்த அறிவியலாளர்கள் கவலைப்பட நேர்ந்தது. முந்திக்கொண்டு சொல்பவரைத் தண்டித்தால் அடுத்த முறை எவர் முந்திச் சொல்வார் என்ற எளிய கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை.

மாதிரியைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். அதற்கும் முன்னால் நிற்பது, எந்தக் கேள்வியை ஆராய்வது என்பது. ஆப்பிரிக்கத் தூக்க நோய் ட்செட்சே ஈயால் பரவுவது. மூளைக்குள் நுழைந்த பிறகு மருத்துவம் இல்லையென்றால் மரணம். அந்தக் கட்டத்துக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவந்த மெலார்சோப்ரால் ஆர்சனிக் கலந்த ஊசிமருந்து. நரம்பில் ஏறும்போது தீயாக எரியும். மருந்தைப் பெற்ற இருபது பேரில் ஏறத்தாழ ஒருவரை அந்த மருந்தே கொன்றது. எஃப்லோர்னிதின் என்ற இன்னொரு மருந்து நல்ல பலன் தந்தது. ஆனால் அதை வாங்கும் மக்களிடம் காசில்லாததால் 1990களில் அதன் உற்பத்தி நின்றது. பின்பு அதே வேதிப்பொருள் பெண்களின் முகத்தில் தேவையற்ற முடி வளர்வதைக் குறைக்கும் களிம்பாக 2000இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. களிம்புக்குச் சந்தை இருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் மற்றவர்களும் குரல் எழுப்பிய பிறகு, 2001இல் உலக சுகாதார நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி மருந்து மீண்டும் தூக்க நோய்க்குத் தயாராயிற்று. இதை முதன்முதலாகப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்த நோய்க்கு விடிவு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து காண்பதற்கென்றே 2003இல் தொடங்கப்பட்ட டி.என்.டி.ஐ. அமைப்பை நிறுவியவர்களில், பிரேசில், கென்யா, இந்தியா, மலேசியா ஆகிய நாடுகளின் பொதுத்துறை ஆய்வு, சுகாதார அமைப்புகளும் உண்டு. எப்போதோ கைவிடப்பட்டிருந்த ஃபெக்சினிடசோல் என்ற வேதிப்பொருளைத் தூசிதட்டி எடுத்து, காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும், சாலை இல்லாத ஊர்களில் மின்சாரத்தையும் கருவிகளையும் கொண்டுசேர்த்துப் பரிசோதித்தார்கள். 2018இல் அது ஐரோப்பிய மருந்து முகமையின் மதிப்பீட்டைக் கடந்தது. வாயால் விழுங்கும் மாத்திரை, பத்து நாட்கள். கின்ஷாசாவின் மருத்துவர்கள் அந்தப் பரிசோதனைகளை முன்னின்று நடத்தினார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது; நோயாளி எவ்வளவு தூரம் நடந்து வருவார், வீட்டில் யார் மாத்திரை கொடுப்பார் என்பதெல்லாம் அவர்கள் அறிந்த விஷயம்.

விலையையும் இப்படித் தலைகீழாகத் திருப்ப முடியும். செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் நிலப்பட்டையில் மூளையுறைக் காய்ச்சல் 1996, 1997 ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரைத் தாக்கி 25,000 பேரைக் கொன்றது. அந்த நாடுகளின் சுகாதார அதிகாரிகளிடம் முதலில் கேட்கப்பட்டது, ஒரு தடுப்பூசிக்கு உங்களால் எவ்வளவு விலை கொடுக்க முடியும் என்பது. ஒரு தவணைக்கு 50 சென்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். அந்த விலைக்குப் பெரிய நிறுவனங்கள் முன்வராதபோது, புணேயின் சீரம் நிறுவனத்துக்குத் தொழில்நுட்பம் மாற்றித் தரப்பட்டு, 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் அந்தத் தடுப்பூசி போடப்பட்டது. அந்தத் தடுப்பூசி குறிவைத்த ‘ஏ’ வகைக் கிருமியால் உறுதிசெய்யப்பட்ட நோய் 2017க்குப் பிறகு அங்கே பதிவாகவில்லை. எந்த விலைக்குக் கட்டுப்படியாகும் என்பதிலிருந்து தொடங்கினால் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

அறிவு ஒரே திசையில்தான் பாய்கிறது என்ற நினைப்பும் தவறானது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் பயன் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகளில் நிறுவப்பட்டது. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் போங்கான் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, காலரா இறப்பை ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். இன்று எந்தப் பணக்கார நாட்டின் குழந்தை மருத்துவரும் அதைத்தான் முதலில் எழுதுகிறார்.

பெரிய அநீதிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. சிறு தடைகள் தெரிவதில்லை. 2022இல் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டுக்குப் பதிவு செய்திருந்த ஆப்பிரிக்கர் பலருக்கு விசா மறுக்கப்பட்டது, அல்லது உரிய நேரத்தில் கிடைக்கவில்லை; ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் தலைவர் வின்னி பியான்யிமாவே ஜெனீவா விமான நிலையத்தில் விமானம் ஏற விடாமல் நிறுத்தப்படும் நிலைக்கு உள்ளானதாகச் சொன்னார். எய்ட்ஸின் சுமையை அதிகம் தாங்கும் கண்டத்தின் மக்கள் இல்லாமல் எய்ட்ஸைப் பற்றி என்ன முடிவெடுக்க முடியும்? மாநாட்டை எந்த நாட்டில் நடத்துவது என்று தீர்மானிக்கும்போதே விசா நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது செலவில்லாத சீர்திருத்தம். கட்டுரையை எல்லோரும் இலவசமாக வாசிக்கலாம் என்று திறந்துவிட்டு, அந்தச் செலவை எழுதியவரிடம் வசூலிக்கும் முறையும் இப்படித்தான். ஒரு புகழ்பெற்ற இதழ்த் தொகுதி 2020இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. குறைந்த வருமான நாட்டவருக்குப் பல இதழ்கள் சலுகை தருகின்றன என்றாலும், சலுகை கேட்டு விண்ணப்பிக்கும் இடத்தில் ஓர் ஆய்வாளரை நிறுத்துவதே அவரை விருந்தாளியாக்கிவிடுகிறது.

பணம் யாருடையதோ சொல்லும் அவர்களுடையது. உலக சுகாதார நிறுவனத்தின் வரவுசெலவில் உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா நெடுங்காலம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. மீதியில் பெரும்பகுதி, இன்ன வேலைக்கு மட்டும் என்று கொடுப்பவர் முத்திரை குத்திய பணம். சந்தாவைப் படிப்படியாகப் பாதி அளவுக்கு உயர்த்த 2022இல்தான் முடிவானது. இதற்கு மாறாக, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தின் நிர்வாகக் குழுவில் வாக்குரிமை உள்ள 20 இடங்களில் பாதி, நிதியைப் பெற்று வேலை செய்யும் தரப்புக்கு. நோயோடு வாழ்பவர்களின் சமூகங்களுக்கும் அதில் வாக்கு உண்டு. இப்படி அமைக்க முடியும் என்பதற்கு இது நடைமுறைச் சான்று. 2025 ஜனவரியில் அமெரிக்கா அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது, பரிசோதனைகள் பாதியில் நின்றன, மருந்தகங்கள் மூடப்பட்டன. ஓர் அரசின் ஒரு கையெழுத்தில் இத்தனை உயிர்கள் தொங்கும்படி விட்டதில் பெறும் நாடுகளின் அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு. வரவுசெலவில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001இல் நைஜீரியாவின் அபுஜாவில் உறுதி சொன்னார்கள். அதை எட்டிய நாடுகள் மிகச் சில. கடன் வட்டி கழுத்தை நெரிக்கிறது என்பது உண்மைதான் என்றாலும், சொந்தப் பணம் ஒரு பங்காவது மேசையில் இல்லாமல் சொந்தக் கேள்வியைக் கேட்பது கடினம்.

இவை அனைத்தும் ஒன்றுகூடும் இடம் 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம். நோய்க்கிருமி மாதிரிகளையும் அவற்றின் மரபணுத் தகவலையும் பகிரும் முறையில் சேரும் தயாரிப்பாளர்கள், பெருந்தொற்றின்போது தங்கள் உடனடி உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச்செய்வதை இலக்காக அது வைக்கிறது. அதில் குறைந்தது 10 விழுக்காடு நன்கொடையாகவும், எஞ்சியது கட்டுப்படியாகும் விலையிலும் வர வேண்டும். ஆனால் அந்தப் பகிர்வு எப்படி நடக்கும் என்ற பின்னிணைப்பு தனியே பேசி முடிக்கப்பட வேண்டியதாக விடப்பட்டது. அது முடிவான பிறகே நாடுகள் கையெழுத்திட முடியும், 60 நாடுகள் உறுதிசெய்த பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.

பின்னிணைப்பில் நான் தேடுவது ஒன்றைத்தான். கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி 11 அன்று இணையத்தில் வெளியிடப்பட்டது. இரண்டே நாட்களில் அமெரிக்க நிறுவனமான மாடர்னா தன் தடுப்பூசியின் வரிசையை முடிவு செய்துவிட்டது. குப்பி, உலர் பனிக்கட்டி, சுங்கத்தாள் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. நான் அடுக்கிய பெட்டிக்காவது ஒரு பட்டியலும் அனுப்பியவர் முகவரியும் இருந்தன. இறக்கிக்கொள்ளப்படும் எழுத்து வரிசைக்கு அவையும் இல்லை. தரவை எடுப்பவர் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டுமா, எடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமா, அல்லது பொருள் தயாராகி விற்பனைக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாமா என்பதில்தான் வளரும் நாடுகளும் பணக்கார நாடுகளும் எதிரெதிராக நிற்கின்றன. முன்பே கையெழுத்து வேண்டும் என்பவர்கள் பக்கம் நான் நிற்கிறேன். விற்பனைக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டதன் விளைவை இந்தோனேசியா 2007இலேயே பார்த்துவிட்டது.